57 விழுக்காடு

கோலாலம்பூர் செந்தூலில் என்னைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர், தூரத்தில் நான் வருவதைப் பார்த்தாலே கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். காப்புறுதி முகவர் பிழைப்பு அப்படித்தான். 22 வருடமாகச் சாவைப் பற்றிச் சிரித்த முகத்தோடு பேசிச் சம்பாதிக்கிறேன். அதனால் எண்கள் எனக்குப் பழக்கம். 45 வயது, புகை பிடிக்காத ஆண்கள் ஆயிரம் பேரில் இந்த வருடத்துக்குள் எத்தனை பேர் போவார்கள் என்று எங்கள் அட்டவணை சொல்லும். எந்த வீட்டுக்காரர் என்று சொல்லாது. மொத்தக் கணக்கு சரியாக இருந்தால் நிறுவனத்துக்குப் போதும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதை நானே பாடமாக எடுத்திருக்கிறேன்.

போன வருடம் என் அண்ணனைச் செயற்கை நுரையீரலில் போட்டபோது டாக்டர் ஓர் எண் சொன்னார். அந்த நிமிடமே 22 வருடப் பாடமும் மறந்துபோனது.

அண்ணனுக்கு 54 வயது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறார். அந்த மாதம் வேனில் பாதிப் பிள்ளைகளுக்கு இருமல். அண்ணனுக்கும் வந்தது. காய்ச்சல், உடம்பு வலி. கிளினிக்கில் மருந்து வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நான்கு நாள் வேன் ஓட்டினார். ஐந்தாம் நாள் மாடி ஏறும்போது நடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணி எனக்குப் போன் செய்தபோது பின்னால் அவர் மூச்சு வாங்கும் சத்தம் எனக்கே கேட்டது. ஊருக்கெல்லாம் மெடிக்கல் கார்டு விற்கிறவன், கூடப் பிறந்தவருக்கு ஒன்று எடுத்துக் கொடுக்கவில்லை. 'அடுத்த மாசம் பாப்போம்டா' என்று அவர் சொல்லச் சொல்ல, நானும் விட்டுவிட்டேன்.

முதலில் சேர்த்த மருத்துவமனையில் இன்ஃபுளுவென்சா ஏ என்று தெரிந்தது. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெள்ளை. திங்கள்கிழமை மாலை 6 மணிக்குத் தொண்டையில் குழாய் போட்டு வெண்டிலேட்டரில் வைத்தார்கள். அன்று இரவே குப்புறப் படுக்க வைத்தார்கள். இது ஏதோ கடைசி முயற்சி என்று நினைத்து அண்ணி அலறிவிட்டார். அப்படியில்லை. நுரையீரலின் முதுகுப்புறம் நீர் கோத்து அமுங்கிக் கிடக்கும். கவிழ்த்துப் போட்டால் அந்தப் பகுதியும் திறந்து வேலை செய்யும். கடுமையான நிலையில் இருப்பவர்களை ஒரு நாளில் 16 மணி நேரம் போல அப்படி வைப்பது இப்போது வழக்கமான சிகிச்சை.

செவ்வாய் இரவு 9 மணிக்கு அங்கிருந்த டாக்டர் கூப்பிட்டார். நூறு விழுக்காடு ஆக்சிஜன் கொடுத்தும் ரத்தத்தில் ஏறவில்லை, கரியமில வாயு வெளியே போகவில்லை, எக்மோ என்கிற செயற்கை நுரையீரல் வசதி இருக்கிற பெரிய மருத்துவமனைக்கு மாற்றவேண்டும் என்றார். நான் உடனே சரி சொல்லியிருக்கவேண்டும். அண்ணி, ஜொகூர்பாருவிலிருந்து தன் மூத்த அண்ணன் வந்துவிடட்டும் என்றார். ஆம்புலன்ஸில் வழியிலேயே ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் அவருக்கு. எனக்கும் அந்தப் பயம்தான். அண்ணியின் பயத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். அவர் அண்ணன் புதன் காலை வந்தார், எட்டு மணிக்குச் சம்மதித்தோம். படுக்கை ஏற்பாடு, மாற்றும் குழு, அங்கே போனதும் மறுபடி ஒரு சுற்றுச் சோதனை எல்லாம் முடிந்து, எக்மோ ஓடத் தொடங்கியபோது புதன் இரவு 8 மணி. இந்த நேரங்களை நான் குறித்துவைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

எக்மோ என்றால் என்ன என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. தொடையிலிருக்கும் பெரிய நாளம் வழியாக ஒரு குழாயை உள்ளே விட்டு, கறுத்த ரத்தத்தை வெளியே இழுக்கிறார்கள். ஒரு பம்ப் அதை ஒரு பெட்டிக்குள் தள்ளுகிறது. பெட்டிக்குள் முடிபோல மெல்லிய, உள்ளே துளையுள்ள ஆயிரக்கணக்கான இழைகள். இழைக்குள் ஆக்சிஜன், வெளிப்புறம் ரத்தம். அங்கே கரியமில வாயுவைக் கொடுத்து ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு, சிவப்பாக மாறிய ரத்தம் கழுத்து நாளம் வழியாக உடம்புக்குத் திரும்புகிறது. நிமிடத்துக்கு நான்கு, ஐந்து லிட்டர். அதாவது உடம்பில் உள்ள மொத்த ரத்தமும் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய ஒருமுறை வெளியே போய் வருகிறது. இரண்டு குழாயும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று கருஞ்சிவப்பு, மற்றது பளிச்சென்ற சிவப்பு. இரண்டும் ஒரே நிறமாகத் தெரிந்தால்தான் கவலைப்படவேண்டும் என்று ஒரு தாதி சொல்லிக் கொடுத்தார். அடுத்த 17 நாள் உள்ளே போனதும் என் கண் முதலில் அங்கேதான் போகும்.

ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். எக்மோ நுரையீரலைக் குணமாக்காது. வெண்டிலேட்டரின் அழுத்தத்தைக் குறைத்து, அடிபட்ட நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்கும். ஆறுவதும் ஆறாமல் போவதும் உடம்பின் வேலை. ரத்தம் குழாயில் உறையாமலிருக்க ஹெப்பரின் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் எங்கே வேண்டுமானாலும் கசியலாம். மூளையில் கசிந்தால் பெரிய ஆபத்து. இதையெல்லாம் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே டாக்டர் சொன்னார்.

எக்மோ டாக்டர் மலாய்க்காரப் பெண், நாற்பது வயதிருக்கும். ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசுவார், நான் அண்ணிக்குத் தமிழில் சொல்வேன். எக்மோ குழாய் போடுவதற்கு முன் அவர் கேட்ட கேள்விகள் எனக்கு அப்போது வினோதமாக இருந்தன. தொண்டையில் குழாய் போட்டு எத்தனை மணி நேரம் ஆகிறது? வலிப்பு வந்ததா? இதயம் நின்று மீண்டதா? புற்றுநோய், உறுப்பு மாற்று ஏதாவது உண்டா? கல்லீரல் எப்படி? குடிப்பாரா?

அண்ணி "இல்லை" என்றார். அவர் அண்ணன் பக்கத்தில் நிற்கிறாரே! நான் டாக்டரை வெளியே கூட்டிப்போய், வாரக் கடைசியில் குடிப்பார், கொஞ்சமாக இல்லை என்று சொன்னேன். கல்லீரல் சோதனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கல்லீரல் சுருங்கிப்போயிருந்தால் அவர்கள் கணக்கில் அதற்கும் மதிப்பெண் குறையும். மாமனார் வீட்டு மானத்தை ஐசியு வாசலில் காப்பாற்ற நினைக்காதீர்கள். உண்மையைச் சொல்ல ஒருவரைத் தனியாக அனுப்பினால்கூடப் போதும்.

அப்புறம்தான் நான் கேட்டேன், "வாய்ப்பு எவ்வளவு டாக்டர்?"

அவர் உடனே சொல்லவில்லை. இரண்டாம் தடவை கேட்டதும், இவரைப் போன்றவர்களில் பாதிக்குக் கொஞ்சம் மேலே பிழைத்து வீட்டுக்குப் போகிறார்கள் என்றார். நான் விடவில்லை, சரியான எண் வேண்டும் என்றேன். தொழில் புத்தி. "57 பெராத்துஸ்" என்றார், அதாவது 57 விழுக்காடு. ஆனால் என்று தொடங்கி இன்னும் நான்கைந்து வாக்கியம் சொன்னார். எதுவும் என் காதில் ஏறவில்லை. அண்ணி என் கையைப் பிடித்து, "தம்பி, என்ன சொல்றாங்க?" என்றார். "நல்லாயிடும்னு சொல்றாங்க அண்ணி" என்றேன். இதுவும் தப்புதான். ஒன்பதாம் நாள் அந்தப் பொய்யை நானே அவிழ்க்க வேண்டியிருந்தது.

அன்று இரவு 2 மணிக்கு மருத்துவமனைக்கு எதிரே மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஒரு தேஓவை, பாலில்லாத தேநீரை, ஆறவிட்டுக்கொண்டு கைப்பேசியில் தேடினேன். டாக்டர் பயன்படுத்தியதற்கு ரெஸ்ப் ஸ்கோர் என்று பெயர். 2014-இல் வெளியானது. உலகம் முழுதும் எக்மோ மையங்கள் தங்கள் நோயாளிகளின் விவரத்தை அனுப்புகிற ஒரு பொதுப் பதிவேடு இருக்கிறது. அதிலிருந்து 2000 முதல் 2012 வரை நுரையீரல் செயலிழந்து எக்மோவில் வைக்கப்பட்ட 2,355 பெரியவர்களை எடுத்து உருவாக்கிய கணக்கு. எக்மோவில் வைப்பதற்கு முன்னால் தெரிந்திருக்கும் 12 விவரங்களுக்கு மதிப்பெண். வயது 50-ஐத் தாண்டினால் இரண்டு குறையும், 60 ஆனால் மூன்று. எதிர்ப்புச் சக்தி குலைந்த உடம்பென்றால் இரண்டு குறையும். வலிப்பு, பக்கவாதம் மாதிரி மூளைப் பாதிப்பு இருந்தால் ஏழு குறையும். அதுதான் பெரிய வெட்டு. காரணம் வைரஸ் நிமோனியா என்றால் மூன்று கூடும். ஆஸ்துமா என்றால் பதினொன்று! இப்படிக் கூட்டிக் கழித்து வருவதை ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகுப்பில் 92 விழுக்காடு பிழைத்தார்கள், கடைசி வகுப்பில் 18.

அண்ணனுக்குக் கணக்குப் போட்டேன். வயதுக்கு மைனஸ் இரண்டு. வைரஸுக்கு மூன்று. தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்திருந்தார்கள், அதற்கு ஒன்று. கரியமில வாயு 75-க்கு மேல் போயிருந்தது, அதற்கு மைனஸ் ஒன்று. வெண்டிலேட்டரில் இருந்த நேரம் 48 மணி நேரத்துக்கு மேல், ஏழு நாளுக்குள், அதற்கு ஒன்று. மொத்தம் இரண்டு. மூன்றாம் வகுப்பு, 57 விழுக்காடு.

அப்போதுதான் பார்த்தேன். வெண்டிலேட்டரில் 48 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்திருந்தால் ஒன்றுக்குப் பதில் மூன்று. மொத்தம் நான்கு. இரண்டாம் வகுப்பு. 76 விழுக்காடு.

திங்கள் மாலை 6 மணியிலிருந்து புதன் இரவு 8 மணிவரை எண்ணினேன். 50 மணி நேரம்.

அந்த மாமாக் கடையில் நான் இருந்த இருப்பை எழுத எனக்கு வராது. இரண்டு மணி நேரத்தில் 19 விழுக்காட்டை நான் தொலைத்துவிட்டேன் என்று என் மூளை சொன்னது. செவ்வாய் இரவே கையெழுத்துப் போட்டிருந்தால்? ஜொகூர் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் இருந்தால்? விடியும்வரை கைப்பேசியில் அந்த மணி நேரக் கட்டத்தை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தேன். 57. 76. 57. 76.

இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் டாக்டரிடம் கேட்டே விட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. பார்வையாளர் படிவம் ஒன்றைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் ஒரு படிக்கட்டு வரைந்தார், அதன் மேலேயே ஒரு சரிவான கோடும் போட்டார். உடம்பு இந்தச் சரிவு மாதிரி, நாள் போகப் போக மெதுவாக இறங்கும். கணக்குப் போடச் சுலபமாக இருக்கவேண்டும் என்று நாங்கள் அதைப் படியாக வெட்டிக்கொண்டோம். 47 மணி நேரம் ஒரு படி, 49 மணி நேரம் அடுத்த படி. அதற்காக 48-ஆம் மணி அடித்ததும் உங்கள் அண்ணனுக்குள் ஒன்றும் உடைந்துவிடவில்லை. மூன்றாம் வகுப்பு என்பதே மைனஸ் ஒன்றிலிருந்து இரண்டுவரை. உங்கள் அண்ணன் அதன் மேல் விளிம்பில் நிற்கிறார். மைனஸ் ஒன்று வாங்கியவருக்கும் இதே 57-தான் சொல்லியிருப்பேன்.

அப்புறம் இன்னொன்று சொன்னார். கணக்கில் குறைகிற விஷயம் எல்லாம் சாவுக்குக் காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நைட்ரிக் ஆக்சைடு கொடுத்திருந்தால் ஒன்று குறையும். அந்த வாயு ஆளைக் கொல்கிறது என்று அர்த்தமில்லை. அதைக் கொடுக்கவேண்டிய அளவுக்கு நிலைமை மோசமாகியிருந்தது என்பதற்கு அடையாளம். பல நாள் வெண்டிலேட்டரில் கிடப்பது கெடுதல்தான், தாமதிக்கக்கூடாது என்பதும் உண்மை. ஆனால் நீங்கள் தொலைத்தது 19 இல்லை.

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஏன் என்றால் இதே படிக்கட்டு விளையாட்டை வைத்துத்தான் நான் தொழில் செய்கிறேன். 'அடுத்த பிறந்தநாளுக்குள்ள எடுத்துடுங்க சார், பிரீமியம் ஏறிடும்' என்று எத்தனை பேரை விரட்டியிருக்கிறேன். பிறந்தநாளுக்கு மறுநாள் காலையில் எவனும் ஒரு வருடம் கிழவனாக எழுவதில்லை.

அந்தப் பேச்சுக்குப் பிறகு மறுபடி வாசித்தேன், இந்த முறை ஒரு முகவனாக. முதல் விஷயம், அந்த 2,355 பேரையும் சேர்த்துப் பார்த்தாலும் பிழைத்தவர்கள் 57 விழுக்காடுதான். ஆக டாக்டர் சொன்னது நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ இல்லை. அண்ணன் நட்ட நடுவில் இருக்கிறார், அவ்வளவுதான். இரண்டாவது, அந்த ஸ்கோர் எவ்வளவு சரியாகப் பிரிக்கிறது என்பது. பிழைத்த ஒருவரையும் இறந்த ஒருவரையும் சேர்த்து நிறுத்தி, யாருக்கு அதிக மதிப்பெண் என்று பார்த்தால், நூறு ஜோடிகளில் 74 ஜோடியில் பிழைத்தவருக்கே அதிகம் இருந்திருக்கிறது. பூவா தலையா போட்டால் 50 வரும். அதைவிட நிச்சயமாக மேல். ஆனால் மீதி ஜோடிகளில் கணக்கு கைகொடுக்கவில்லை. பிரான்ஸில் 140 பேரிடம் சோதித்தபோது இதைவிட நன்றாக வந்தது. பிறகு வேறு இடங்களில் அவ்வளவு வரவில்லை. கோவிட் நோயாளிகளிடம் தடுமாறியது. அவர்கள் அந்தப் பதிவேட்டில் இல்லாதவர்கள், ஆச்சரியமில்லை.

மூன்றாவதுதான் எனக்கு உறைத்தது. பதிவேட்டில் இருப்பவர்கள் எல்லாரும் எக்மோவில் வைக்கப்பட்டவர்கள். வைக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு அந்த ஸ்கோரில் பதில் கிடையாது. அதற்கு வேறு மாதிரி ஆய்வு வேண்டும், இரண்டு பக்கமும் ஆள் பிரித்து. 2018-இல் வெளியான ஒன்றில் 249 பேர். எக்மோ பக்கத்தில் 60 நாளுக்குள் 35 விழுக்காடு இறந்தார்கள், வழக்கமான சிகிச்சைப் பக்கத்தில் 46. பதினொன்று வித்தியாசம். ஆனாலும் தற்செயலாக வந்திருக்கலாம் என்பதைத் தள்ளிவிடும் அளவுக்கு அது உறுதிப்படவில்லை. வழக்கமான சிகிச்சைப் பக்கத்திலிருந்து 28 விழுக்காட்டினரை நிலைமை முற்றியதும் எக்மோவுக்கே மாற்றியும் இருக்கிறார்கள். 1979-இல் அமெரிக்காவில் வந்த பழைய ஆய்வு இன்னும் மோசம்: 90 பேர், இரண்டு பக்கமும் பத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள். பத்தில் ஒன்று எங்கே, 57 எங்கே! காலத்தோடு இந்த எண்ணும் நகர்கிறது.

இவ்வளவும் படித்த பிறகு எனக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிட்டது. அதற்கான விலையை வேறொருவர் கொடுத்தார்.

காத்திருக்கும் இடத்தில் கிள்ளானிலிருந்து வந்த ஒரு அக்கா. அவர் கணவருக்கு 63 வயது, பாக்டீரியா நிமோனியா. நான் கைப்பேசியில் ஏதோ கணக்குப் போடுவதைப் பார்த்துவிட்டு, "இவருக்கும் பாத்துச் சொல்லு தம்பி" என்று பழைய மருத்துவமனை கொடுத்த கடிதத்தை நீட்டினார். மறுத்திருக்கவேண்டும். ஒன்பது நாள் வெண்டிலேட்டர், வேறோர் இடத்திலும் கிருமித் தொற்று, பைகார்பனேட் ஏற்றியிருக்கிறார்கள். கூட்டினால் மைனஸ் ஐந்து. நான்காம் வகுப்பு, 33 விழுக்காடு. மூன்றில் ஒருவர் பிழைக்கிறார் அக்கா என்று நல்லவிதமாகத்தான் சொன்னேன். அவர் காதில் மூன்றில் இருவர் என்றுதான் விழுந்தது.

அவர் கணவர் பன்னிரண்டாம் நாள் இறந்துபோனார். துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அந்த அக்கா என்னிடம் வந்தார். "நீ சொன்ன நாள்லேருந்து உள்ள போனா அழுகைதான் வந்துச்சு தம்பி. ஒரு வார்த்தை பேசல அவர்கிட்ட." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என்னிடம் இன்றைக்கும் பதில் கிடையாது. என் கணக்கு சரியா தப்பா என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. அந்தக் கடிதத்தை வாங்கும் தகுதி எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் ஒன்பதாம் நாள் கண்டம் வந்தது. மூக்கிலும் கழுத்துக் குழாயைச் சுற்றியும் ரத்தம் நிற்காமல் கசிந்தது, ஹெப்பரினை நிறுத்தி வைத்தார்கள், மூளை ஸ்கேனுக்கு அத்தனை பெட்டிகளோடும் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆறு பேர் சேர்ந்து ஒரு கட்டிலை நகர்த்துவதைப் பார்த்திருக்கிறீர்களா? தேர் இழுப்பது மாதிரி, ஒருவர் குழாயை மட்டும் பிடித்துக்கொண்டு நடக்கிறார். நான் பழக்கதோஷத்தில் கைப்பேசியை எடுத்தேன். எடுத்து என்ன செய்ய? அந்த ஸ்கோரில் ரத்தக் கசிவுக்குக் கட்டமே இல்லை. எக்மோவில் வைப்பதற்கு முந்தைய நிமிடத்தோடு அதன் வேலை முடிந்துவிட்டது. ஒன்பது நாளாக நான் பழைய ஜாதகத்தைப் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூளையில் கசிவு இல்லை. அன்று மாலைதான் அண்ணிக்கு எல்லாவற்றையும் சொன்னேன், 57 உட்பட. அவர் அழவில்லை. "மொதல்லயே சொல்லியிருந்தா நானும் கூட நின்னிருப்பேன்ல" என்றார்.

கீழே கடையில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினோம். தமிழ் பேசுகிற ஒரு தாதி, நாங்கள் என்ன கேட்கலாம் என்று சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, தினமும் ஒரே ஆள் கேளுங்க, அதே கேள்விகளைக் கேளுங்க." முதல் கேள்வி, எக்மோ பெட்டிக்குள் போகும் காற்றின் அளவு நேற்றைவிடக் கூடியதா குறைந்ததா. அதை அவர்கள் ஸ்வீப் என்பார்கள். குறைந்தால் அண்ணனின் சொந்த நுரையீரல் கொஞ்சம் பொறுப்பு ஏற்கிறது என்று பொருள். இரண்டாவது, ஒவ்வொரு மூச்சுக்கும் நுரையீரல் எத்தனை மில்லிலிட்டர் வாங்குகிறது. முதல் வாரம் நூறுகூட இல்லை. காய்ந்த இட்டலித் துணி மாதிரி விறைத்துக் கிடக்கிறது என்று நான் அண்ணிக்கு விளக்கினேன். பதினோராம் நாள் 180. பதினைந்தாம் நாள் 320. அப்புறம் சிறுநீர் போகிறதா, புதுக் காய்ச்சல் உண்டா, கசிவு எங்கே, கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா. டாக்டர் ஒருநாள் அந்த நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, இது நான் சொன்ன எண்ணைவிட நல்லது என்றார்.

கூட வேறு சிலவும் கற்றோம். நடுராத்திரியில் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ஐசியுவுக்குப் போன் செய்யாமலிருக்க, வாட்ஸ்அப்பில் இரவு 8 மணிக்கு ஒரே குரல் செய்தி போட ஆரம்பித்தேன். ஜாலான் ஈப்போ தண்டாயுதபாணி கோயில் திருநீற்றை நெற்றியில் பூச விடமாட்டார்கள் என்று அண்ணி சண்டைக்குத் தயாராக இருந்தார். கேட்டதும், பிளாஸ்டிக் பையில் போட்டுத் தலைமாட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். கிள்ளான் அக்கா சொன்னதற்குப் பிறகு நான் உள்ளே போகும்போதெல்லாம் பேசினேன். வேன் சாலை வரி, பள்ளி விடுமுறை, யார் யார் மாதக் கட்டணம் பாக்கி. கேட்கிறதோ இல்லையோ.

பதினேழாம் நாள் காற்றை நிறுத்திப் பார்த்தார்கள். ரத்தம் பெட்டி வழியாகச் சுற்றும், ஆனால் அங்கே ஆக்சிஜன் கிடைக்காது. அண்ணனின் நுரையீரல் தனியாகச் சமாளிக்கவேண்டும். இரண்டு குழாயும் ஒரே கருஞ்சிவப்பு. இத்தனை நாள் நான் பயந்த அதே காட்சி, இந்த முறை வேண்டுமென்றே. பல மணி நேரம் பார்த்தார்கள். மாலையில் குழாய்களை எடுத்துவிட்டார்கள்.

படத்தில் என்றால் இங்கே வணக்கம் போட்டுவிடுவார்கள். நிஜத்தில் பாதிதான் ஆகியிருந்தது. கழுத்தில் துளை போட்டு வெண்டிலேட்டரை மெதுவாகக் கழற்ற இன்னும் நாளாயிற்று. மயக்கம் தெளியத் தெளிய அண்ணன் குழம்பினார். எக்மோ பம்ப் சத்தம் அவருக்கு வேன் இன்ஜினாகக் கேட்டிருக்கிறது. பின்னால் பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள், பெல்ட்டு போடச் சொல்லு என்று உதடு அசைத்துக்கொண்டே இருந்தார். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்தோம். நீண்ட நாள் ஐசியுவில் கிடப்பவர்களுக்கு இது சகஜம், பகல் இரவு தெரிய வையுங்கள், வீட்டுப் படம் கொண்டுவாருங்கள், கண்ணாடி போட்டுவிடுங்கள் என்றார்கள். இரண்டு வாரத்தில் தெளிந்தது. வீட்டுக்கு வந்த நாள் அவரால் கரண்டி பிடிக்க முடியவில்லை, பல் துலக்க அண்ணி வேண்டும். ரெஸ்ப் ஸ்கோர் பிழைத்தவர் என்று எண்ணுவது மருத்துவமனையிலிருந்து உயிரோடு வெளியேறியவரை. அதாவது அந்தப் பதிவேட்டின்படி அண்ணன் அன்றே வெற்றி. எங்களுக்கு அடுத்த ஆறு மாதம் பிசியோதெரபி. ஆறு மாதம் கழித்து உயிரோடு இருப்பார்களா என்று கணிக்கிற பிரிசர்வ் என்ற வேறொரு ஸ்கோரும் 2013-இல் வந்திருக்கிறது. அதில் குப்புறப் படுக்க வைத்திருந்தால் வாய்ப்பு கூடும். நான் அதைக் கணக்குப் போடவில்லை. போட ஆசையாக இருந்தது என்பது வேறு விஷயம்.

வேனை இப்போது மருமகன் ஓட்டுகிறான். அண்ணன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு யார் பெல்ட்டு போடவில்லை என்று பார்க்கிறார். மாடிப்படியில் நடுவில் ஒருமுறை நிற்கிறார், முன்பு உட்கார்ந்த அதே படி. போன மாதம் வீட்டில் எல்லாரும் இன்ஃபுளுவென்சா தடுப்பூசி போடக் கிளினிக்குக்குப் போனோம். வருடா வருடம் போடவேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். கழுத்திலும் தொடையிலும் விரல் தடிமன் குழாயோடு 17 நாள் கிடந்த மனிதர், அந்தச் சின்ன ஊசியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மொதல்ல தம்பிக்குப் போடுங்க மிஸ்ஸி" என்றார்.